தண்ணீர் இல்லாத பாலாற்றில் 22 பேர் போய் என்ன பறவையைப் பார்ப்பது?

வேலூர் சத்துவாச்சாரியில் உங்கள் தெருக்காரர்கள், குழந்தைகளையும் சேர்த்து 22 பேர், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலாற்றங்கரையில் பறவை பார்க்கப் போகலாம் என்று இருக்கிறீர்கள். ஆற்றில் தண்ணீரே இல்லையே, அங்கே என்ன இருக்கும், இத்தனை பேரைக் கண்டால் பறவை நிற்குமா, பேசாமல் வேடந்தாங்கலுக்கு வேன் பிடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பைனாகுலர் வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், காக்கை, மைனா, கிளி தவிர எங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது என்று ஒரு வரி இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்றும் தெரியாதவர்கள் கூட்டமாகப் போய் ஏமாறாமல் திரும்பி வர முடியுமா? முடியும். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

நான் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவன். பதினாறு வருடமாக அக்டோபரிலிருந்து மார்ச் வரை மாதம் ஒரு ஞாயிறு இந்த ஆற்றங்கரைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பெரும்பாலும் விரிஞ்சிபுரத்திலிருந்து ஆற்காடு வரை உள்ள கரைதான். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நாலைந்து முறைக்கு மேல் போனதில்லை. அதனால் நான் சொல்வதை அந்தப் பக்கத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் தண்ணீர் விஷயம். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் புறப்பட்டு, ஆந்திரத்தைக் கொஞ்சம் தொட்டுவிட்டு நம் பக்கம் வருகிறது. மொத்தம் 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில்தான். ஆனாலும் வேலூரில் வளர்ந்த பிள்ளைக்கு ஆறு என்றால் மணல்தான் நினைவுக்கு வரும். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தில் கூடி நின்றது அதனால்தான். தண்ணீர் இல்லை என்பது வாத்துக்கும் கூழைக்கடாவுக்கும் குறை. மற்ற பறவைகளுக்கு இந்த ஆறு காலியான இடம் அல்ல. மணலில் நாணல் புதர் இருக்கிறது. கரையோரம் புங்கையும் வேம்பும் பனையும், நடுவில் இடம் பிடித்துக்கொண்ட வேலிக்காத்தானும் இருக்கின்றன. கரையைத் தாண்டினால் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, அப்புறம் நெல், கரும்பு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. ஒரு கிலோமீட்டர் நடையில் இத்தனை விதமான இடம் மாறுகிறது, ஒவ்வொன்றிலும் பறவை மாறுகிறது. வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்றபடியே ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். அது வேறு ஆனந்தம், அதற்கு இன்னொரு நாள் போங்கள். நீர்ப்பறவைதான் வேண்டுமென்றால் காவேரிப்பாக்கம் ஏரியே உங்களுக்குக் கிட்ட. ஆனால் பறவை பார்க்கவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆற்றங்கரைத் தோப்பும் வயலும்தான் நல்ல பள்ளிக்கூடம் என்பது என் அனுபவம். அங்கே பார்ப்பதை மறுநாள் உங்கள் தெருவிலேயே திரும்பப் பார்ப்பீர்கள்.

எங்கே நிற்பது? தோப்புக்கு நடுவிலும் வேண்டாம், வயலுக்கு நடுவிலும் வேண்டாம். இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் நில்லுங்கள். காலை வெயில் முதலில் விழுவது அந்த ஓரத்தில்தான். அங்கேதான் பூச்சி முதலில் பறக்க ஆரம்பிக்கும். உட்காரக் கிளையும் இருக்கிறது, பாய்ந்து பிடிக்கத் திறந்த வெளியும் இருக்கிறது. ஜனவரிக் குளிரில் பஞ்சுருட்டான் ஐந்தாறு ஒரே கம்பியில் தோளோடு தோள் ஒட்டி, இறகை உப்பிக்கொண்டு வெயில் காயும். பத்து நிமிடம் அசையாமல் பாருங்கள். ஒன்று கிளம்பி ஒரு வளைவு அடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வரும், அலகில் தேனீ இருக்கும். அதைக் கம்பியில் இடமும் வலமுமாக அடித்து, தேய்த்து, கொடுக்கின் விஷத்தை வெளியேற்றிவிட்டுத்தான் விழுங்கும். அந்த அடிக்கும் சத்தம் கூடக் கேட்கும், அவ்வளவு கிட்ட விடும். பக்கத்துக் கம்பத்தில் மண் நிறத்தில் மந்தமாக ஒன்று உட்கார்ந்திருந்தால் அவசரப்பட்டு நகராதீர்கள், பனங்காடையாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிறகை விரித்ததும் வெளிர்நீலமும் கருநீலமும் பட்டை பட்டையாகத் தெரியும். நான் கூட்டிப்போன பெரியவர்களில் பாதிப்பேர் வாய்விட்டுக் கத்தியது அந்த ஒரு நொடியில்தான்.

ஆள் எண்ணிக்கை பற்றிக் கேட்டீர்கள். 22 பேர் ஒரே கூட்டமாகப் போகாதீர்கள். இரண்டாம் வருடம் நான் முப்பது பேரை ஒன்றாகக் கூட்டிப்போனேன். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போனவர்களுக்கும் கடைசியில் வந்தவர்களுக்கும் நடுவில் ஐம்பதடி இடைவெளி. முன்னால் நாலு பேர் செம்போத்தைப் பார்த்தார்கள், மற்றவர்களுக்கு அது ஓடி மறைந்த புதரைக் காட்டினேன். அன்று பாதிப்பேர் பார்த்தது முன்னால் போனவரின் முதுகை மட்டும்தான், அது என் தவறு. அதிலிருந்து பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்ப்பதில்லை. நீங்கள் பதினொன்று பதினொன்றாகப் பிரிந்து, அரைமணி இடைவெளி விட்டுப் புறப்படுங்கள். இல்லையென்றால் ஒரு குழு தோப்பிலும் ஒரு குழு வயலிலும் ஆரம்பித்து நடுவில் இடம் மாற்றிக்கொள்ளலாம். நின்று பார்க்கும் இடத்தில் குழந்தைகளை முன்னால் விடுங்கள். உயரம் குறைவு, கண் கூர்மை, பின்னால் நிற்பவர்களுக்கு மறைப்பும் இல்லை.

சத்தத்தைவிட அசைவுக்குத்தான் பறவை அதிகம் மிரளும். தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நின்றால் கரிச்சானும் மீன்கொத்தியும் பொருட்படுத்துவதில்லை. யாராவது சட்டென்று கையை நீட்டி ‘அதோ’ என்றால் போயிற்று. கையை நீட்டாமல் இடம் சொல்லப் பழகுங்கள். இதை வீட்டு வாசலிலேயே ஒருமுறை பயிற்சி செய்து பார்க்கலாம். மரத்தைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு, ‘ரெண்டாவது பனை, மூணு மணிப் பக்கம், காய்ந்த மட்டைக்குக் கீழே’ என்று சொல்ல வேண்டும். கேட்பவர் அந்தப் பனையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகே அடுத்த அடையாளம். ‘அதோ அந்தப் பச்சைக்குப் பக்கத்தில்’ என்று சொல்லி யாருக்கும் எதையும் காட்டிவிட முடியாது, தோப்பு முழுக்கப் பச்சைதான். சட்டை வெள்ளையாக இல்லாமல் மங்கலான நிறமாக இருந்தால் நல்லது.

திசையும் முக்கியம். வேலூர்ப் பக்கம் பாலாறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. காலையில் ஆற்றின் போக்குக்கு எதிராக, அதாவது மேற்கு நோக்கி நடந்தால் வெயில் உங்கள் முதுகில் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மறுபக்கம் நடந்தால் எல்லாப் பறவையும் கருப்புப் பறவைதான். ஜனவரியில் சூரியன் எழ ஆறரை மணிக்கு மேல் ஆகிவிடும். நீங்கள் ஆறு மணிக்கே இடத்தில் இருக்க வேண்டும். எட்டரை, ஒன்பதுக்கு முடித்துவிடுங்கள். இரண்டரை மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்தீர்கள் என்றால் வேகமாக நடந்துவிட்டீர்கள் என்று பொருள். நாலைந்து இடம் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் கால்மணி நேரம் நில்லுங்கள். வந்ததும் அடங்கிப்போன புதர் ஐந்தாறு நிமிடத்துக்குப் பிறகுதான் மறுபடி பேச ஆரம்பிக்கும். பெரும்பாலான குழுக்கள் நாலாவது நிமிடத்தில் கிளம்பிவிடுகின்றன.

ஆறு மணிக்கே வரச் சொல்வதற்கு ஒரு பறவைதான் காரணம், ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் நம் பக்கம் வந்து கோடை தொடங்கும்வரை தங்குகிறது. காலை ஆறு மணியையும் மாலை ஆறு மணியையும் ஒட்டி இரண்டு சுரத்தில் சீட்டியடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். மூன்று வருடத்துக்கு முன் விரிஞ்சிபுரத்துக்குக் கிட்ட ஒரு மாந்தோப்பு ஓரத்தில், இருட்டு முழுக்கக் கலையாத நேரத்தில் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லியிருந்தேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் சட்டையை இழுத்து, ‘சார், யாரோ விசில் அடிக்கிறாங்க’ என்றாள். எங்கள் பன்னிரண்டு பேரில் முதலில் கேட்டது அவள்தான். அதற்கப்புறம் தோப்புக்குள்ளிருந்து இன்னொன்று பதில் சொன்னது. இருபது நிமிடம் கழித்து, சருகைப் புரட்டும் சத்தம் வந்த இடத்தில் அது தரையில் நின்றது. மைனாவைவிடச் சிறிசு, வால் இருப்பதே தெரியாத குட்டை உடம்பு. பச்சை முதுகு, கண்ணில் கருப்புப் பட்டை, தோளில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. அலகால் ஒரு இலையைப் புரட்டிப் போட்டது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, அடுத்த இலைக்குத் தாவியது. யாரும் படம் எடுக்கவில்லை, எடுக்கும் வெளிச்சமும் இல்லை. உங்களுக்கு அது தெரியுமென்று நான் உறுதி சொல்ல மாட்டேன். குரல் கேட்டாலே அந்த நாள் நல்ல நாள்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு. ஜனவரியில் அந்தக் கரையில் இரண்டரை மணி நேரம் நின்றால் கரிச்சான், பஞ்சுருட்டான், வெண்மார்பு மீன்கொத்தி, செம்போத்து, சின்னான், தவிட்டுக்குருவிக் கூட்டம், ஊதாத் தேன்சிட்டு, தையல்சிட்டு, மடையான், உண்ணிக்கொக்கு, ஆட்காட்டி, வானத்தில் கரும்பருந்து, பனைகளைச் சுற்றி உழவாரன் எல்லாம் கிடைக்காமல் போனதாக எனக்கு நினைவில்லை. குக்குறுவான் தென்படுவதற்கு முன் பாத்திரக்காரர் தட்டுவது போல ‘டொக்... டொக்...’ கேட்கும். மாங்குயில், வால் காக்கை, கொண்டலாத்தி, அரசவால் ஈப்பிடிப்பான் ஆகியவை பாதி நாள் உண்டு, பாதி நாள் இல்லை. நவரைப் பட்டத்து நெல் நடவுக்காக எங்கேயாவது சேடை ஓட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம்தான். டிராக்டர் சேற்றைக் கலக்கக் கலக்க, பின்னாலேயே கொக்கும் அரிவாள் மூக்கனும் வாலாட்டியும் வரும், நத்தைக்குத்தி நாரையும் வந்து நிற்கும். அங்கே அரைமணி போதாது.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். புதருக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவது போல ஒரு குரல் வரும், ஆள் வெளியே வராது. பெரும்பாலும் குளிர்காலத்துக்கு வந்த நாணல் கதிர்க்குருவி. கதிர்க்குருவிகளில் பல எனக்கே இன்றும் தடுமாற்றம்தான். ‘கதிர்க்குருவி வகை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன், நீங்களும் அப்படியே செய்யலாம். வல்லூறையும் அக்காக்குயிலையும் அனுபவசாலிகளே குழப்பிக்கொள்வார்கள். நிறம், வால் பட்டை, பறக்கும் விதம் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். உட்கார்ந்த பிறகு அலகைப் பாருங்கள், கொக்கி போல வளைந்திருந்தால் வல்லூறு. தொலைவில் வட்டமிடுவதைப் பார்த்துவிட்டுக் கழுகு என்று அடித்துச் சொல்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரோடு வாதாட வேண்டாம், பட்டியலில் ‘பருந்து வகை’ என்று போட்டுக்கொள்ளுங்கள். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், கற்றுக்கொள்ள நல்ல துணை. ஆனால் ஒரு பறவை இன்னொன்றின் குரலைப் பிடித்துப் பாடும்போது அது ஏமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். செயலி பெயர் சொன்னால் அதைத் தேடிக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

செயலியைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். பறவையின் குரலைக் கைபேசியில் ஓட்டி அதை வரவழைக்காதீர்கள். எங்களோடு வந்த ஒருவர் ஒரு புளியமரப் பொந்துக்கு நேராக ஆந்தைக் குரலை ஓட்டினார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த புள்ளி ஆந்தை, தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று வெளியே வந்தது. பட்டப்பகலில் அதைப் பார்த்த காக்கைகள் கூடிக்கொண்டு விரட்டின. தோப்புத் தோப்பாகத் துரத்தியதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் பிறகு இரண்டு மாதம் அந்தப் பொந்தில் நாங்கள் எதையும் பார்க்கவில்லை. கூட்டைத் தொடாதீர்கள், கிளையை விலக்கிப் படம் எடுக்காதீர்கள். பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு ஜனவரியில் காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பிள்ளைகள் பறிக்கப் பார்ப்பார்கள். பழைய கூட்டில் வெண்தொண்டைச் சில்லை குடியேறியிருக்கலாம், அதையும் விட்டுவிடுங்கள். அடுத்து கோடையில் போனீர்கள் என்றால் மணலில் கால் வைக்கும் இடம் பார்த்து வையுங்கள். ஆட்காட்டி கூடு கட்டாது, கூழாங்கல்லுக்கு நடுவில் சின்னப் பள்ளம் பறித்து நான்கு முட்டை இடும். முட்டையும் கல் நிறம்தான். தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் நீங்கள் அதற்குக் கிட்ட நிற்கிறீர்கள், வந்த வழியே திரும்புங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். மணல் அள்ளிய குழிகள் ஆற்றில் இருக்கின்றன, மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கினால் ஆழம் தெரியாது. எந்தக் குட்டையிலும் குழந்தையை இறக்க வேண்டாம். வயல் கிணறுகளில் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, கரும்புக்குப் பக்கத்தில் திடீரென்று காலடியில் வரும். அதனால் வரப்பில் முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். பனி ஈரம் காயும் முன் வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கலாம், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். இன்னொன்று, கருத்த தண்ணீர்க் குட்டையில் நீண்ட சிவப்புக் காலோடு நெடுங்கால் உள்ளான் ஒய்யாரமாக நிற்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். சாக்கடையிலும் அது நன்றாகவே மேயும். தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்த ஆறு பட்ட பாடு 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதை அந்தப் பறவையை வைத்து முடிவு செய்ய முடியாது.

தோப்பும் வயலும் யாருடையதோ. முதல்நாள் மாலையே ஒருவர் போய்க் கேட்டுவிட்டு வருவது நல்லது. யாரும் எங்களை வேண்டாம் என்று சொன்னதில்லை, கேட்காமல் போனபோதுதான் கோபப்பட்டிருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் பெரியவர்கள் ‘இன்னா தேடறீங்க?’ என்று நிற்பார்கள். பதில் சொல்லிவிட்டு நகராமல், ‘நீங்க இன்னா பார்த்தீங்க தாத்தா?’ என்று கேளுங்கள். மேல்மொணவூர்ப் பக்கம் அப்படி ஒருவர்தான், பாழடைந்த பம்புசெட் அறையில் கூகை இருப்பதையும், அது வந்த வருடத்திலிருந்து தன் மல்லாட்டையில் எலி குறைந்ததையும் சொன்னார். எலி குறைந்த கணக்கை என்னால் சரிபார்க்க முடியாது. கூகையை அவரோடு போய் நானே பார்த்தேன். வெள்ளை முகத்தை எங்கள் பக்கம் திருப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

பார்த்ததை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். நேரம், இடம், பெயர், எத்தனை, இவ்வளவு போதும். ஜனவரி என்பதால் பொங்கல் நாட்களை ஒட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு இடத்தில் குறைந்தது கால்மணி நேரம் நின்று, பார்த்த எல்லாவற்றையும் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். காக்கை, மைனாவையும் விடாமல் எண்ணுங்கள். நீங்கள் தெரியும் என்று சொன்ன மூன்று பறவையும் அந்தப் பட்டியலுக்குத் தேவை.

பைனாகுலருக்கு வருகிறேன். இப்போது 22 வாங்க வேண்டாம். குழுவுக்கு இரண்டு இருந்தால் முதல் நாளுக்குப் போதும், யாரிடமாவது இரவல் கேளுங்கள். பிறகு வாங்குவதாக இருந்தால் 8×42 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி விடியல் வெளிச்சத்துக்குப் போதும். பத்து மடங்கு நல்லதென்று கடையில் சொல்வார்கள், ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், புதியவர்களுக்குப் பறவை கண்ணாடிக்குள் நிற்கவே நிற்காது. பறவையைக் கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல் அப்படியே கண்ணாடியைக் கண்ணுக்குத் தூக்கப் பழகுங்கள். மாடியில் நின்று எதிர்வீட்டுத் தென்னையில் இருக்கும் காக்கையை வைத்து இரண்டு நாள் பழகினால் வந்துவிடும்.